கேட்காமல் செய்தது

2.15 பெரிதா, 2.5 பெரிதா? ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளிலேயே பலர் 2.15 என்பார்கள். காரணமும் கையில் வைத்திருப்பார்கள்: “பதினஞ்சு அஞ்சை விடப் பெரிசுங்க மிஸ்.” இதே பிள்ளைகள் தசம எண் கூட்டலில் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். புள்ளிக்கு நேரே புள்ளி வைத்துக் கூட்டுவது கைக்குப் பழகிவிட்டது. புள்ளிக்கு வலப்பக்கம் நிற்பது என்ன என்பது மட்டும் மனதுக்குள் போகவில்லை. தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்த காலத்தில் இப்படிப்பட்ட விடைத்தாள்கள் கட்டுக்கட்டாக என் கை வழியே போயின. விடை சரி. சரி போடுவதைத் தவிர ஆசிரியர் செய்ய ஒன்றுமில்லை. அடுத்த பாடம் காத்திருக்கும்.

ஒரு பிள்ளைக்கு ஒன்று தெரிந்துவிட்டது என்பதை எப்படிக் கண்டுகொள்வது? பள்ளியில் இந்தக் கேள்விக்கு மதிப்பெண் பதில் சொல்லிவிடும். என் இரண்டு பிள்ளைகளையும் வீட்டில் வைத்துப் படிக்கவைக்கத் தொடங்கியதும் மதிப்பெண் போய்விட்டது. கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. வீட்டுக்கல்வி என்றதும் தெரிந்தவர்களெல்லாம் “எல்லாப் பாடத்தையும் நீங்களே எப்படிச் சொல்லிக்கொடுக்கறீங்க?” என்றுதான் கேட்கிறார்கள். சொல்லிக்கொடுப்பதில் பெரிய வித்தை கிடையாது. எதைக் கற்றார்கள், எதை ஒப்பித்தார்கள் என்று பிரித்துப் பார்ப்பதில்தான் இந்த வேலையின் பாடெல்லாம் இருக்கிறது.

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் வீடு. கணவர் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. எனக்கு முதலில் சம்பளம் பாதியானது, பிறகு வேலையே இல்லை என்றானது. அந்த நாட்களின் செல்போன் வகுப்பை நான் வீட்டுக்கல்வி என்று சொல்லமாட்டேன். மகள் கேமராவை அணைத்துவிட்டு “பிரசன்ட் மிஸ்” சொல்லிவிட்டுக் கோழிக்குஞ்சுகளைப் பார்க்கப் போய்விடுவாள். பள்ளியில் இருக்கும் நல்லதெல்லாம் பள்ளியிலேயே தங்கிவிட, மிச்சம் மட்டும் வீட்டுக்குள் வந்திருந்தது. ஆனால் வகுப்பு முடிந்த பிறகு நீண்ட பகல்கள் கிடந்தன. பிள்ளைகள் தாமாக எதில் இறங்குகிறார்கள், எதில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்க்க எனக்கு அவகாசம் கிடைத்தது. பள்ளியில் நாற்பது நிமிடப் பீரியடில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு பார்க்க முடியாத காட்சி அது. 2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தபோது, வீட்டில் நால்வரும் பேசி, அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தோம்.

பாடக்குறிப்பு எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது. ஒரு நீள நோட்டு வாங்கி, பக்கத்துக்கு மூன்று கட்டம் போட்டேன். முதல் கட்டத்தில் நான் சொல்லிக்கொடுத்தது. இரண்டாவதில் நான் கேட்டு அவர்கள் செய்தது. மூன்றாவதில் யாரும் கேட்காமல் அவர்களாகச் செய்தது. முதல் இரண்டு கட்டங்களும் தினமும் நிரம்பும். மூன்றாவது வாரக்கணக்கில் காலியாகக் கிடக்கும். பிறகு திடீரென்று ஒரே நாளில் இரண்டு வரி விழும். ஜூனில் சொல்லிக்கொடுத்த பரப்பளவு தீபாவளி கழித்து மூன்றாவது கட்டத்துக்கு வந்தது. மழை வருகிறதென்று அவசரமாகத் தார்ப்பாய் வாங்கக் கிளம்பிய என் கணவரை மகள் நிறுத்தி, களத்தைக் காலடியால் அளந்து, “இருபதுக்குப் பதினஞ்சு பத்தாதுங்கப்பா” என்றாள். இந்த வேலையில் கற்றல் எவ்வளவு மெதுவாக ஊறுகிறது என்று அந்த நோட்டுதான் எனக்குக் காட்டியது. திங்கட்கிழமை நடத்தி வெள்ளிக்கிழமை தேர்வு வைத்தால், ஊறுவதற்கு முன்பே தோண்டிப் பார்க்கிறோம் என்று பொருள்.

மூன்றாவது கட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு பதிவு மகனுடையது. அவனுக்குப் பத்து வயது ஆகியிருந்தது. கிரிக்கெட் என்றால் சோறு வேண்டாம். டிவியில் ஒரு டி20 ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கோர் 36, ஓவர் 4.3. ரன் ரேட் 8.00 என்று திரையில் போட்டிருந்தார்கள். அவன் என் கால்குலேட்டரை எடுத்து 36ஐ 4.3ஆல் வகுத்தான். 8.37 வந்தது. மறுபடி வகுத்தான். அதே 8.37. “டிவிக்காரங்க தப்பாப் போட்டிருக்காங்கம்மா.”

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஒரே நிமிடத்தில் விளக்கியிருக்கலாம். அது முதல் கட்டத்துக்குப் போயிருக்கும். அவன் அடுத்த பந்துக்குக் காத்திருந்தான். 4.4 ஆனது. பிறகு 4.5. அடுத்த பந்து வீசியதும் 5.0. அங்கே அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “4.6 ஏன் வரலை?” கேள்வி என்னிடம் இல்லை, டிவியிடம். கொஞ்ச நேரம் விரலை மடக்கிக்கொண்டிருந்தான். ஓவருக்கு ஆறு பந்து, புள்ளிக்குப் பின்னால் இருப்பது பந்துக் கணக்கு, அப்படியானால் மூன்று பந்து என்பது அரை ஓவர், 4.3 என்பது உண்மையில் நாலரை. 36ஐ 4.5ஆல் வகுத்தான். எட்டு. கால்குலேட்டரைத் தூக்கி எனக்குக் காட்டினான். அவன் அக்காவுக்குக் காட்டினான். கடையிலிருந்து வந்த அப்பாவுக்கும் காட்டினான். பிறகு ஒன்று சொன்னான்: “இது நிஜப் புள்ளி இல்லம்மா. சும்மா பிரிச்சு வைக்கறதுக்கு வெச்ச புள்ளி. நிஜப் புள்ளின்னா பத்துல போவணும்.”

தசம எண் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல வரையறையை நான் வகுப்பில் சொன்னதில்லை. புள்ளிக்கு வலப்பக்கம் பத்தில் ஒரு பங்கு என்பதை, பத்தாக இல்லாத ஒன்றோடு மோதித்தான் அவன் கண்டுபிடித்தான். அதே வாரம் 2.15ஐயும் 2.5ஐயும் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். “2.5தான். அது 2.50 மாதிரி” என்று சொல்லிவிட்டு மட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான்.

இதுபோன்ற தருணங்களை உண்டாக்க முடியாது. அவை வந்து இறங்க இடம் வைக்கத்தான் முடியும். அதற்குப் பொருள் வேண்டும், நேரம் வேண்டும், கெட்டுப்போனால் பரவாயில்லை என்கிற சாமான் வேண்டும். எங்கள் வீட்டில் அதிகம் கெட்டுப்போனது தீப்பெட்டியும் சைக்கிள் வால்வு டியூபும். ஐஐடி கான்பூரில் படித்துப் பொறியாளர் வேலை பார்த்து, பிறகு குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்து காட்டுவதையே வாழ்க்கையாக்கிக்கொண்ட அரவிந்த் குப்தாவின் வழி அது. வால்வு டியூபை விரல் கணு நீளத்துக்கு வெட்ட வேண்டும். தீக்குச்சியின் மருந்தைச் சுரண்டிவிட்டு இரண்டு பக்கமும் செருக வேண்டும். டியூப் மூட்டு ஆகிவிடும், குச்சி கம்பி ஆகிவிடும். மூன்று குச்சியில் முக்கோணம், நான்கில் சதுரம், ஐந்தில் ஐங்கோணம்.

மகள் சதுரத்தைப் பிடித்து அழுத்தினாள். சாய்ந்து விழுந்தது. ஐங்கோணம் படகு மாதிரி மடிந்தது. முக்கோணம் அசையவே இல்லை. “இது மட்டும் ஏன் முறைச்சுக்கிட்டு நிக்குது?” என்றாள். சதுரத்தின் குறுக்கே ஒரு குச்சி கொடுத்துப் பார்த்தாள், அதுவும் நின்றுவிட்டது. அதோடு அன்றைய பாடம் முடிந்தது. நானும் அதற்கு மேல் கிளறவில்லை. அடுத்த சில மாதங்களுக்கு அவளோடு வெளியே போவதே தொல்லையாகிவிட்டது. உயரழுத்த மின்கோபுரத்தைப் பார்த்தால் முக்கோணம் எண்ணுவாள். மஞ்சள் மண்டியின் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்து மூட்டையில் மோதிக்கொள்வாள். பக்கத்துத் தோட்டத்து ஆட்டுப்பட்டியில் மூங்கில் படலின் குறுக்கே ஒரு கொம்பு சாய்த்துக் கட்டியிருந்தது. “இவங்களுக்கு இது யாருங்கம்மா சொல்லிக்கொடுத்தது?” அந்தப் படலைக் கட்டிய பாட்டியிடமே போய்க் கேட்டாள். “கொம்பு வெக்காட்டி படல் தொங்கிப்போயிரும் கண்ணு” என்றார் அவர். வடிவியல் பாடத்தில் இருப்பதையும் பாட்டியின் கையில் இருப்பதையும் ஒன்றென்று மகள் கண்டுகொண்ட இடம் அது. நோட்டில் ஒரு முழுப் பக்கம் எழுதினேன்.

நான் கேட்டு அவர்கள் செய்யும் இரண்டாவது கட்டத்தில் உள்ள சிக்கல் வேறு. பிள்ளைகள் நம் முகத்தைப் படிக்கிறார்கள். மகனிடம் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால், “ஐம்பத்தி...” என்று இழுத்து என் புருவத்தைப் பார்ப்பான். புருவம் தூக்கினால் எண்ணை மாற்றுவான். அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் ஜான் ஹோல்ட் வகுப்பறைகளில் உட்கார்ந்து இதைத்தான் பக்கம் பக்கமாகக் குறித்து வைத்தார். கணக்கைப் புரிந்துகொள்வதில் செலவாக வேண்டிய மூளை, ஆசிரியர் எதிர்பார்க்கும் விடையைக் கண்டுபிடிப்பதில் செலவாகிறது என்பதை அந்தக் குறிப்புகள் காட்டின. 1964இல் அவை புத்தகமாக வந்தன. பள்ளிகளைத் திருத்தலாம் என்ற நம்பிக்கை பின்னாளில் அவருக்குக் குறைந்தது. 1977இல் பள்ளிக்கு வெளியே பிள்ளை வளர்ப்பவர்களுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். ஆனால் அம்மாவின் முகம் ஆசிரியரின் முகத்தைவிடப் படிக்கச் சுலபமானது. வீட்டுக்கு வந்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் பிறந்ததிலிருந்து அந்த முகத்தையே பார்த்து வளர்ந்த பிள்ளையைக் கணக்கில் எடுக்கவில்லை.

அதற்கு நான் கண்ட வழி, விடை எனக்கே தெரியாத கேள்விகளில் அவர்களோடு உட்காருவது. பச்சை மஞ்சளை வேகவைத்துக் காயப்போட்டால் எவ்வளவு தேறும்? மகள் பக்கத்துக் களத்தில் ஒரு கூடையை வேகவைக்கும் முன் நிறுத்து, தனியாக அடையாளம் வைத்து, காய்ந்த பிறகு மறுபடி நிறுத்தாள். ஐந்தில் ஒரு பங்கு அளவே மிஞ்சியது. “அப்போ காஞ்ச மஞ்சள் அஞ்சு மடங்கு விலைக்குப் போனாலும் விறகுக்கூலி, ஆள்கூலி நட்டங்களா?” என்று அவள் கேட்டதற்குக் களத்துக்காரர் கொடுத்த பதில் அரை மணி நேரம் நீண்டது. என் முகத்தில் படிக்க ஒன்றும் இல்லை. நானும் அங்கே மாணவிதான்.

இன்னொரு வழி அக்கா தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பது. இது நம் ஊரில் பழைய சங்கதி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுதிக் காட்டுவான். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த முறையைப் பார்த்துத் தன் விடுதியில் பழக்கினார். 1797இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிக்கும் அந்த ஏற்பாட்டை அங்கே மெட்ராஸ் முறை என்றே அழைத்தார்கள். செலவு குறைவு என்பதுதான் அன்றைக்கு அதன் பெருமை. நான் பார்த்த பயன் வேறு. கால் பெரிதா, மூன்றில் ஒன்று பெரிதா என்று தம்பிக்கு விளக்கப் போன மகள் பாதியில் தடுமாறினாள். கீழே இருக்கும் எண் பெரிதானால் பின்னம் ஏன் சிறிதாகிறது என்பது அவளுக்கே விதியாக மட்டும் தெரிந்திருந்தது. தம்பிதான் காப்பாற்றினான். “காப்பர் கம்பி கேஜ் மாதிரியாக்கா? பதினெட்டை விட இருபத்திரண்டு மெல்லிசா இருக்கும், அப்படியா?” பின்னமும் கேஜும் ஒன்றல்ல. ஆனால் எண் ஏற ஏறப் பொருள் சிறுக்கலாம் என்பதைக் கடையில் கம்பியைத் தொட்டுப் பார்த்த கை கொண்டுவந்து பாடத்தில் வைத்தது. மூன்றாவது கட்டம்.

கடை என்றதும் என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பா 1946இல் பிறந்தவர். அவருடைய அப்பா மண்பாண்டம் வனைந்தவர். அப்பாவுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, 1953இல், ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் ஒரு புதிய திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளி நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டும். மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரிடம் தொழில் பழக வேண்டும். எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அப்பாவுக்குத் தொழில் பழகுவது என்றால் வெயிலில் நின்று களிமண் மிதிப்பது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகிக் காமராசர் முதலமைச்சரானார்; அந்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. அப்பா முழு நாள் பள்ளிக்குப் போனார். 1956இல் தொடங்கிய மதிய உணவைச் சாப்பிட்டார். எங்கள் வகையறாவில் எஸ்எஸ்எல்சி முடித்த முதல் ஆளாகித் தபால் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். நான் ஆசிரியை ஆனது அந்த முழு நாள் பள்ளியால்தான்.

ஒருநாள் அவர் கடைக்கு வந்தபோது மகன் ஒரு மோட்டார் ஸ்டேட்டரை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். “முப்பத்தாறு ஸ்லாட்டுங்க அப்புச்சி. நாலு போல். அப்போ போலுக்கு ஒம்பது. மூணு ஃபேஸ், அப்போ ஒவ்வொண்ணுக்கும் மூணு” என்றான். வகுத்தலும் காரணிகளும் அவன் விரல் நுனியில் இருப்பதை எண்ணி நான் பூரித்துக்கொண்டிருந்தேன். அப்பா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“எங்கப்பன் சக்கரத்தை விட்டு எந்திரிக்கறதுக்கு நான் பள்ளிக்கூடம் போனேன். உன்ற பையன் பள்ளிக்கூடத்தை விட்டு எந்திரிச்சு அப்பன் பட்டறையில உக்காந்திருக்கறான். இதுக்கு என்ன பேரு அம்மிணி?”

பதில் என்னிடம் தயாராக இருந்தது. அன்றைக்குக் கதவை அடைத்தது அரசாங்கம், அதுவும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும். இன்றைக்கு நாங்களாக, யோசித்து, எல்லா வழியையும் திறந்து வைத்துக்கொண்டு செய்கிறோம். இதைச் சொன்னேன். அப்பா கேட்டுவிட்டுச் சொன்னார்: “கதவை ஆரு அடைச்சாலும் வெளிய நிக்கறது பையன்தானே?”

அதற்கு என்னிடம் இன்றுவரை முழுப் பதில் இல்லை. வீட்டுக்கல்வி பற்றி வரும் புத்தகங்கள் பலவும் பள்ளியைச் சிறை என்று எழுதுகின்றன. பள்ளி வாசலில் நிற்கவே தலைமுறை தலைமுறையாக அனுமதி இல்லாதிருந்தவர்கள் வாழும் ஊரில் அந்தச் சொல் நாக்கில் ஒட்டாது. அப்பா எங்களைத் தடுக்கவில்லை. இரண்டு நிபந்தனை போட்டார். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இரண்டு பேருக்கும் கட்டாயம். ஒவ்வொரு மே மாதமும் தன் முன்னால் வைத்துப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும்: பள்ளிக்குப் போகிறாயா, இருக்கிறாயா? போகிறேன் என்றால் ஜூனில் சேர்த்துவிட வேண்டும், மறுபேச்சு கூடாது. ஒப்புக்கொண்டோம்.

சட்டம் பற்றியும் கேட்கிறார்கள். இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயதுவரையிலான பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 10ஆம் பிரிவு. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் சட்டம் சொல்லவில்லை. வீட்டுக்கல்வி என்ற பேச்சே அதில் கிடையாது. எனக்குத் தெம்பு தந்தது 4ஆம் பிரிவு. பள்ளியில் சேராத, அல்லது இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள அது வழி வைத்திருக்கிறது.

பள்ளியில் டிசி வாங்கினால், அரசின் மாணவர் பதிவேட்டில் பிள்ளைக்கு இருக்கும் எமிஸ் எண், எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பட்டியலான காமன் பூலுக்குப் போய்விடும். அங்கே கிடக்கும் பெயர்களைத் தேடிக்கொண்டு பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆள் வரும். எங்கள் வீட்டுக்கு வந்தவர் வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர். தண்ணீர் குடிக்கும் முன்பே, “பொண்ணு வீட்ல இருக்குதுங்களா? நான் பார்க்கலாமா?” என்றார். பதின்மூன்று வயதுப் பெண் பள்ளியில் இல்லையென்றால் மில்லுக்குப் போய்விட்டாளா, கல்யாணம் பேசிவிட்டார்களா என்று பார்ப்பது அவர் கடமை. மகள் தன் தீக்குச்சிக் கோபுரத்தைக் கொண்டுவந்து அவரிடம் காட்டினாள். அவர் அதைப் பார்த்து ரசித்தார், நோட்டைப் புரட்டினார், ஆனாலும் படிவத்தில் எழுத வேண்டியதை எழுதிக்கொண்டுதான் போனார். அவர் மறுபடி வரும்போது எரிச்சல்படக் கூடாது என்பதையும் இந்தத் தொழிலின் ஒழுக்கங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன்.

பத்தாம் வகுப்புக்கு மாநில வாரியத்தில் தனித்தேர்வராக எழுதலாம். கேம்பிரிட்ஜ் தேர்வும் உண்டு, செலவு கூடும். மகள் எடுத்தது தேசியத் திறந்தநிலைப் பள்ளி, பேச்சுவழக்கில் என்ஐஓஎஸ். 1989இல் தொடங்கிய மத்திய அரசு அமைப்பு. பதினான்கு வயது நிறைந்திருந்தால் பதிவு செய்யலாம். ஐந்து பாடம், தேர்ச்சிக்கு 33 சதவீதம். ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு; எல்லாப் பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு. அந்த ஒரு வருடம் எங்கள் வீடும் டியூஷன் சென்டர்தான். பழைய வினாத்தாள், கடிகாரம், மூன்று மணி நேரம். பாடம் அவளுக்குச் சிரமமாக இல்லை; கைதான் வலித்தது. தொடர்ந்து பக்கம் பக்கமாக எழுதிப் பழகாத கை. கேட்டதற்கு மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் விடை எழுதுவதும் அவளுக்குப் புதிது. தேர்வு எழுதுவது தனியான ஒரு கைத்திறன். அதைக் கடைசி வருடத்தில் பழகிக்கொள்ளலாம் என்பதுதான் நான் கண்டது. ஆறு வயதிலிருந்தே பழக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் யாருக்கு வாய்க்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் வருமானத்தில் குடும்பம் ஓட வேண்டும். பகலெல்லாம் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த ஒருவர் யார் என்று கேட்கவே வேண்டாம். நான் முன்னாள் ஆசிரியை, சொந்த வீடு, நடக்கும் தூரத்தில் கிளை நூலகம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நான் வேறு முடிவு எடுத்திருப்பேன். காலை உணவும் மதிய உணவும் புத்தகமும் ஆசிரியையும் ஓரிடத்தில் கிடைக்கும் அரசுப் பள்ளி, இங்கே பல பிள்ளைகளுக்கு வீட்டைவிட அதிகம் தருகிறது. பள்ளியில் மிஸ் திட்டினால் வீட்டில் அம்மா இருப்பாள். அம்மாவே மிஸ் ஆகிவிட்டால் பிள்ளை யாரிடம் போய் அழும்? அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் பாடம் என்று வாயெடுப்பதில்லை. அப்போது நான் அம்மா மட்டும்.

பழக ஆள் இல்லாத குறையை மட்டும் ஈடுகட்ட முடியவில்லை. காலை ஒன்பதிலிருந்து மாலை நாலரைவரை எங்கள் வீதியில் பிள்ளைச் சத்தமே கேட்காது. மகனுக்கு ஐந்து மணிக்கு மேல் கிரிக்கெட் இருக்கிறது. மகளுக்குப் பதினான்கு வயதில் அதுவும் இல்லை. சண்டை போட, ரகசியம் பேச, தன் வயதில் யாராவது வேண்டும் என்று அவள் சொல்லாமலே தெரிந்தது. 2025 மே மாதம் அப்புச்சி முன்னால் கேட்டபோது, “போறேனுங்க” என்றாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் புதுப் பை வாங்கிக்கொண்டு வந்தார். என்ஐஓஎஸ் மதிப்பெண் பட்டியலோடு அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்தோம்.

முதல் மாதம் அவள் புலம்பியது மணியைப் பற்றி. சோதனைச்சாலையில் டைட்ரேஷன் நிறம் மாறும் நேரத்துக்குச் சரியாக மணி அடித்துவிடுகிறதாம். இரண்டாவது மாதம் அந்தப் புலம்பல் நின்று, தோழிகளின் பெயர்களாகக் கொட்டத் தொடங்கியது. ஒரு மாலை, இயற்பியல் வகுப்பில் தனக்குப் புரியாததைக் கைதூக்கிக் கேட்டதாகவும், வகுப்பே திரும்பிப் பார்த்ததாகவும், கேட்ட பிறகு நான்கு பேர் தங்களுக்கும் அது புரியவில்லை என்று தனியாக வந்து சொன்னதாகவும் சொன்னாள். புரியவில்லை என்பதைப் புரிந்துகொள்ளவும், கூச்சப்படாமல் சொல்லவும் தெரிந்தால், பிள்ளை எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து படித்தாலும் எனக்குச் சம்மதம். அன்று நோட்டை எடுத்து, பள்ளிக்கூடத்தில் நடந்ததையும் மூன்றாவது கட்டத்திலேயே எழுதினேன்.

மகன் அந்த மே மாதம் “இருக்கறேனுங்க அப்புச்சி” என்றான். அடுத்த மே மாதம் என்ன சொல்வானோ தெரியாது. அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. அவர் இல்லாத வருடத்திலும் இந்தக் கேள்வியை யாராவது அவனிடம் கேட்டாக வேண்டும்; பதில் எங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும் ஜூனில் டிபன் பாக்ஸ் கட்டித் தர நான் தயாராக இருக்க வேண்டும். கேட்காமலே விட்டுவிட்டால், அதற்குப் பிறகு வீட்டில் நடப்பது அவன் கல்வி இல்லை, என் பிடிவாதம்.